பூனை இடம் மாறிய வாரம்

"நான் ஊத்தலைன்னா ஊத்தலை! இன்னும் எத்தனை தடவை—"

"அப்ப என் பாட்டில்ல போதை தானா முளைச்சுதாடா? மழைக்குக் காளான் முளைக்கிற மாதிரி—"

"கத்தாதே. கத்தினா நீ குடிக்காதவன்னு ஆயிடுமா? போலீஸ் குழாய்ல ஊதினது நீ, நம்பர் வந்தது உனக்கு—"

"வர வச்சது நீ!"

"பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை ஜெயிச்சேன். அது உனக்குப் பொறுக்கல!"

செவ்வாய்க்கிழமை, மதுவிடுதிக்கு வார விடுமுறை. நாற்காலிகள் எல்லாம் மேசைகளின் மேல் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தன. நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்த இருவர் மட்டும்தான் நேராக இருந்தார்கள். அவர்களிலும் ஒருவர் நேரானவர் இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் வால்புர்கா வந்திருந்தாள்.

வால்புர்காவுக்கு வயது அறுபத்திரண்டு. இருபத்தாறு வருடம் உணவுப் பரிசோதனை இலாகாவில் கெட்டுப்போன தொத்திறைச்சியையும் கெட்டுப்போன மனிதர்களையும் மோப்பம் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் தனியார் துப்பறிவாளர் ஆனவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளன் வின்சென்ஸ் முன்னாள் தபால்காரன். ஊரார் கடிதங்களைப் பிரிக்காமலே படிக்கிறான் என்று அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தத் திறமைக்காகவே வால்புர்கா அவனைச் சேர்த்துக்கொண்டாள்.

"முதலாளியம்மா, இவங்க ரெண்டு பேரும் இப்படியே ஆறு மணி வரைக்கும் கத்தட்டும். யாருக்கு முதல்ல தொண்டை கட்டுதோ அவன்தான் குற்றவாளி. கேஸ் முடிஞ்சது" என்றான் வின்சென்ஸ்.

"ஆறு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. உன் வாயை அது வரைக்கும் மூடி வை" என்றாள் வால்புர்கா. அவள் முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையில் கறுப்பாக, இனிப்பாக, நுரை தள்ளி மால்ட் பானம் நின்றிருந்தது.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் பால் கொடுக்கற தாய்மாரும் குடிக்கறது அது. துப்பறியறவங்க குடிச்சு நான் பாத்ததில்ல" என்றான் வின்சென்ஸ்.

"அதனாலதான் துப்பறியறவங்க எல்லாம் தப்பாவே கண்டுபிடிக்கறாங்க."

ஆறு மணி என்பதற்குக் காரணம் மாடிப்படியின் கீழே நின்றிருந்தது. பழுப்பு நிறத் தோல் பெட்டி ஒன்று, வாரால் இறுக்கிக் கட்டியது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் கோர்பினியான். கத்திக்கொண்டிருந்த இருவரில் மெலிந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். முப்பது வருடம் குடித்துவிட்டு ஏழு வருடத்துக்கு முன் நிறுத்தினார். அன்று மகள் ரைன்ஹில்ட் தன் விடுதி மாடியில் அவருக்கு ஓர் அறை கொடுத்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. ஒரு சொட்டு உள்ளே போனாலும் பெட்டி கீழே வந்துவிடும்.

சனிக்கிழமை பின்னேரம் விடுதிக்குப் பின்னால் உறைந்த குளத்தில், பிடி வைத்த கட்டையைக் குறி பார்த்துப் பனிமேல் சறுக்கவிடும் சறுக்குக்கட்டை ஆட்டம் நடந்தது. கோர்பினியான் ஒரு கட்சிக்குத் தலைவர். கத்திக்கொண்டிருந்த மற்றொருவரான டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர் கெப்ஹார்ட் எதிர்க்கட்சித் தலைவர். கோர்பினியான் ஆல்கஹால் இல்லாத கோதுமை பியர் நான்கு பாட்டில் குடித்தார். கடைசிச் சுற்றில் கட்டையைக் குறிக்கு விடுவதற்குப் பதில் கரையோர வில்லோ மரத்துக்கு விட்டார். பிறகு காலிப் பேருந்தைக் கொட்டகைக்கு எடுத்துப் போகும் வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. எண் வந்தது. பேருந்துச் சாவி போனது. பெட்டி கீழே வந்தது.

"மூணு நாள் குடு ரைனி, நான் குடிக்கலைன்னு நிரூபிக்கறேன்" என்று மகளிடம் கேட்டு வாங்கி, வால்புர்காவை அமர்த்தியிருந்தார். அந்த மூன்றாவது நாள் இன்று; ஆறு மணிக்குக் கெடு முடிகிறது.

கல்லாவுக்குப் பின்னால் ரைன்ஹில்ட் ஏற்கனவே துடைத்த குவளைகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் வால்புர்கா.

இருவரும் பழக்கதோஷத்தில் மூலையில், வருடக்கணக்காக வருபவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்த வழக்கக்காரர் மேசைக்குப் போய், பழக்கதோஷத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முப்பது வருட இடங்கள். அதை உணர்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வின்சென்ஸும் எழுந்து அந்த மேசைப் பக்கம் போனான்.

"அது வழக்கக்காரங்க மேசை" என்றாள் ரைன்ஹில்ட், நிமிராமல்.

"இன்னைக்கு லீவாச்சே?"

"மேசைக்கு லீவு கிடையாது."

வின்சென்ஸ் நின்றபடியே வேலையைத் தொடங்கினான். கூடையிலிருந்து நான்கு பாட்டில்களை எடுத்துச் செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை காலையில குளத்தங்கரைப் பனிக்குவியல்லேருந்து தோண்டி எடுத்தேன். குளிரட்டும்னு எல்லாரும் அதுலதான் செருகி வைப்பாங்க. மத்தவங்க எல்லாம் அவங்கவங்களுதைக் குடிச்சு முடிச்சுட்டாங்க. இந்த நாலுதான் மிச்சம். ரெண்டு கோர்பினியானுது, ரெண்டு கெப்ஹார்ட்டுது. ரெண்டு செத்துப்போச்சு, ரெண்டு உயிரோட இருக்கு."

செத்தவை இரண்டும் கழுத்தோடு வெடித்திருந்தன. உயிரோடிருந்தவை முழுசாக இருந்தன. உள்ளே பியர் தளும்பியது.

கெப்ஹார்ட்டின் முகம் மலர்ந்தது. "நல்லா பாத்துக்குங்க. ஆல்கஹால் இல்லாததுதான் முதல்ல உறையும், உறைஞ்சு வெடிக்கும். இது பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வெடிச்சது இவனுது. அப்படின்னா இவன் பாட்டில்ல ஒண்ணும் இல்ல, யாரும் எதையும் ஊத்தல. இவன் வேற எங்கயோ ஒளிச்சு வச்சுக் குடிச்சிருக்கான்!"

கோர்பினியான் மாடிப்படியின் கீழே நின்ற தன் பெட்டியைப் பார்த்தார்.

ரைன்ஹில்ட் குவளையைக் கீழே வைத்தாள். கல்லாவைச் சுற்றி வந்து மாடிப்படியருகே போய்ப் பெட்டியை வாசல் பக்கமாக ஓரடி நகர்த்தினாள். "ஆறு மணி வரைக்கும் எதுக்கு?" என்றாள்.

"ஆறு மணின்னா ஆறு மணிதான்" என்றாள் வால்புர்கா. "வின்சென்ஸ், செத்ததுல ஒண்ணைத் தூக்கு. மூடி என்ன மூடி?"

"தகர மூடி. சுத்திப் பல்லு வச்சது."

"உயிரோட இருக்கறது?"

"பீங்கான் மூடி, கம்பிக் கொக்கி, சிவப்பு ரப்பர் வளையம்."

"கோர்பினியான் குடிக்கற கோதுமை பியர் மேட்டுத்தெரு ஹூபெர்ட் காய்ச்சறது. ஹூபெர்ட்டோட தாத்தா காலத்துலேருந்து கம்பிக் கொக்கிதான்." வால்புர்கா மால்ட் பானத்தை ஒரு மடக்கு குடித்தாள். "ஆக, உறையாம இருக்கறது கோர்பினியானுது. உறைஞ்சு வெடிச்சது உங்களுது, கெப்ஹார்ட்."

கெப்ஹார்ட்டின் மலர்ச்சி மெல்ல வாடியது.

"லேபிளைக் காணோமே?" என்றாள் வால்புர்கா.

"பனியில ஊறி... விழுந்திருக்கும்."

"மூடி மேல பெயின்டையும் பனிதான் சுரண்டிச்சா?" வின்சென்ஸ் ஒரு தகர மூடியை வெளிச்சத்தில் திருப்பினான். "சாவியால சுரண்டியிருக்கீங்க. அஞ்சு பல்லுல இன்னும் நீலம் ஒட்டிட்டிருக்கு."

அந்த ஊர்க் கடைகளில் நீலம் என்றால் ஒரே அர்த்தம்தான். அறையில் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கோர்பினியான் நாற்காலியை முழுசாகத் திருப்பி முப்பது வருட எதிரியைப் பார்த்தார்.

"நீயா? நீ ஆல்கஹால் இல்லாத பில்ஸ் பியர் குடிக்கறியா?"

"மெதுவா பேசுடா."

"ஏழு வருஷமா என்னைப் பாத்து, 'பாலாடை, உனக்கு ஸ்ட்ரா வேணுமா'ன்னு கேட்டது இந்த வாய்தானே?"

"கிறிஸ்துமஸ்லேருந்துதான்" என்றார் கெப்ஹார்ட், மேசையைப் பார்த்தபடி. "இதய மாத்திரை. டாக்டர் ஒரு துளி கூடாதுன்னுட்டான். வெளியில தெரிஞ்சா நான் எப்படி இந்த மேசையில உக்காருவேன்? அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். ஊத்தினது நான்தான்னே எழுதிக்குங்க. ஜெயிலுக்கு வேணா போறேன். இதை மட்டும் வெளியில விட்றாதீங்க."

"ஒத்துக்கறாரு முதலாளியம்மா. கேஸ் முடிஞ்சது" என்றான் வின்சென்ஸ்.

"கேஸ் இப்பதான் ஆரம்பம்." வால்புர்கா ஒரு கம்பிக் கொக்கி பாட்டிலைக் கையிலெடுத்தாள். "சனிக்கிழமை கோர்பினியான் கொண்டுபோனது ஆறு பாட்டில். நாலு குடிச்சாரு, மிச்சம் ரெண்டு இதோ. ரெண்டுமே உறையல. ஆட்ட நடுவுல, பன்னெண்டு பேர் பாத்துட்டிருக்கறப்ப, பனிக்குவியல்லேருந்து ஒவ்வொண்ணா எடுத்து, கொக்கியைத் திறந்து, பாதியைக் கொட்டிட்டு வேற பியரை ஊத்தி, திரும்ப மூடி... கெப்ஹார்ட்டால ஒரு லேபிளையே ஒழுங்கா கிழிக்க முடியல. ஆறு பாட்டிலும் வீட்டைவிட்டுக் கிளம்பறப்பவே போதையோடதான் கிளம்பியிருக்கு."

துணி ரைன்ஹில்டின் கையிலேயே நின்றது. "வீடுன்னா யாரைச் சொல்றீங்க? இந்த வீட்ல அவரும் நானும்தான். என்னைச் சொல்றீங்களா?"

"நான் இன்னும் யாரையும் சொல்லல. கோர்பினியான், சனிக்கிழமை பியர் எப்படி இருந்துது?"

"எப்பவும் போல."

"எங்க எப்பவும் போல?" என்று குறுக்கே பாய்ந்தார் கெப்ஹார்ட். ரகசியம் போனபின் இழக்க ஒன்றுமில்லாத மனிதரின் குரல் அது. "ரெண்டாவது பாட்டில் முடிஞ்சதும் பனியில நின்னுகிட்டே ஹூபெர்ட்டுக்குப் போன் போட்டான் இவன். 'ஹூபெர்ட், இந்தத் தடவை பிரமாதம்டா, அந்தக் கஞ்சித் தித்திப்பே இல்ல'ன்னு பாராட்டினான். நான் காதால கேட்டேன்."

வால்புர்கா குறிப்பேட்டில் எதையோ எழுதினாள். நாற்பது வருடமாக அந்தப் பக்கத்தில் ஆல்கஹால் இல்லாத பியரைக் குடிப்பார்கள், சகித்துக்கொள்வார்கள், மருத்துவர் பேரைச் சொல்லி மன்னிப்பார்கள். பாராட்டியவர் கிடையாது.

"ஒரு சந்தேகம்" என்றான் வின்சென்ஸ் கோர்பினியானிடம். "வழக்கமா நீங்க ரெண்டு பாட்டிலோட நிறுத்திடுவீங்கன்னு சொன்னீங்களே. அன்னைக்கு மட்டும் ஏன் நா—"

வால்புர்காவின் பூட்ஸ் அவன் காலை மிதித்தது. அவள் முகம் மாறவில்லை. வின்சென்ஸின் முகம்தான் இரண்டு தடவை மாறியது.

"ரைன்ஹில்ட், பூனை ஏன் அங்க இருக்கு?" என்று கேட்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் திண்டில், பனிப்பூ படிந்த கண்ணாடியை ஒட்டி, விடுதியின் சாம்பல் நிறக் கொழுத்த பூனை உடம்பைச் சுருட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேயர் என்று பெயர்.

"மேயரா? அது ரெண்டு வாரமா அங்கதான்."

"ஜனவரியில?"

"கணப்புப் பக்கமே போக மாட்டேங்குது. பத்து வருஷமா கணப்பை ஒட்டின அந்தப் பெஞ்சைவிட்டு எறங்கினதில்ல. சாப்பாட்டையே அங்கதான் கொண்டுபோய் வைக்கணும். இப்ப தூக்கிப்போய் விட்டாலும் முதுகைத் தூக்கிகிட்டுச் சீறிட்டு ஓடிடுது."

"யாரைப் பாத்துச் சீறுது?"

"அங்க யாரு இருக்கா? கணப்புக்குப் பின்னாடி இடுக்கைப் பாத்து."

"அப்படியா? முதல்ல சீறினது யாருன்னு மேயரைத்தான் கேக்கணும்" என்றாள் வால்புர்கா.

"முதலாளியம்மா, பூனையை சாட்சிக்கூண்டுல ஏத்தினா ஃபீஸைப் பாலாத்தான் தருவாங்க" என்றான் வின்சென்ஸ்.

"வாயை மூடிக்கோ. எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

அந்த மேசைக்காரர்களுக்கு ஒரு நிமிட மௌனம் என்பது சாவு வீட்டில் மட்டும் நடந்த விஷயம். இருந்தும் இருந்தார்கள். பச்சை ஓடு பதித்த கணப்புக்குள் விறகு ஒன்று சரிந்தது. அதன்பின், பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, ஊசி முனையளவு சத்தம் வந்தது.

ஸ்ஸ்ஸ்.

மேயர் ஜன்னலில் காதைப் படுக்க வைத்தது.

வின்சென்ஸ் குனிந்து இடுக்குக்குள் கையை விட்டு ஒரு பியர் கிரேட்டை இழுத்தான். கம்பிக் கொக்கி பாட்டில்கள் எட்டு நின்றன. ஒரு பாட்டிலின் ரப்பர் வளையம் ஓரத்தில் பிதுங்கி, மெல்லிய நுரை கொப்பளித்தது.

"அது என் கிரேட்" என்றார் கோர்பினியான்.

"ரைன்ஹில்ட், நிலவறையில இதே சரக்கு இருக்கா? இதே வாரம் வந்தது?"

"இருக்கு."

"ஒண்ணு கொண்டு வாங்க."

அவள் கொண்டுவந்த நிலவறைப் பாட்டிலை வின்சென்ஸ் முதலில் திறந்தான். 'ப்ளப்' என்று ஒரு சின்னச் சத்தம், பெரிய மனிதர் ஏப்பத்தை அடக்கியது போல. ஒரு வாய் குடித்தான். "கஞ்சி. சர்க்கரை போட்ட கஞ்சி."

பிறகு கணப்போரப் பாட்டிலைத் திறந்தான். கொக்கியைத் தொட்டதுதான் அவனுக்குத் தெரியும். பீங்கான் மூடி கையை உதறிவிட்டு எகிறியது. வெள்ளை நுரை உத்தரம் வரை எழுந்து, சுவரில் மாட்டியிருந்த சறுக்குக்கட்டைக் கேடயங்கள் பதினொன்றையும் நனைத்து, பன்னிரண்டாவதாகக் கெப்ஹார்ட்டின் வழுக்கையில் வந்து நின்றது.

"ஒரு துளி கூடாதுன்னாரே டாக்டர்! வெளிப்பூச்சுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டபடி வின்சென்ஸ் மிச்சத்தைக் குடித்தான். யோசித்தான். மறுபடி குடித்தான். "முதலாளியம்மா, இது பியர். நிஜ பியர். கடமைக்காக இன்னொரு மடக்கு குடிச்சு உறுதிப்படுத்திக்கறேன்."

"போதும் கீழ வை." வால்புர்கா எழுந்து நின்றாள். "ஆல்கஹால் இல்லாத பியரைக் காய்ச்ச ரெண்டு வழி உண்டு. கெப்ஹார்ட் ஒளிச்சுக் குடிக்கற பில்ஸ் ஒரு வழி. முழு பியராவே காய்ச்சி, கடைசியில ஆல்கஹாலை மட்டும் மெஷின்ல உறிஞ்சி எடுத்துடுவாங்க. அதுல எதுவும் திரும்ப வராது. ஹூபெர்ட் பண்றது பழைய வழி. ஈஸ்ட் வேலையை ஆரம்பிச்ச உடனேயே குளிர்ல தள்ளித் தூங்க வச்சுடறாரு. சர்க்கரை அப்படியே நின்னுடும், அதான் அந்தக் கஞ்சித் தித்திப்பு. சூடு காட்டினா ருசி கெட்டுடும்னு ஹூபெர்ட் ஈஸ்டைக் கொல்றதில்ல. லேபிள்ல அடியில போட்டிருக்காரு, 'குளிரில் மட்டும் வைக்கவும்'னு. அடியில இருக்கறதை யாரும் படிக்கறதில்ல."

"நான் படிப்பேன்" என்றான் வின்சென்ஸ்.

"நீ மத்தவங்க கடுதாசியைத்தான் படிப்பே. ஆக, ஈஸ்ட் இந்தப் பாட்டில்ல சாகல, தூங்குது. யாரோ அதைக் கொண்டுவந்து கணப்போரமா வச்சாங்க. மூணு வாரமாவது இருக்கும். அது எழுந்துச்சு, பாக்கி வேலையை முடிச்சுது. யாரும் எதையும் ஊத்தல. கோர்பினியான் கத்தின மாதிரி, தானாத்தான் முளைச்சிருக்கு."

கெப்ஹார்ட் தலையிலிருந்த நுரையைக் கைக்குட்டையால் ஒற்றினார். "அப்ப நான் ஊத்தல."

"நீங்க ஊத்தல."

"நான் சொன்னேன்ல!" என்றார் கோர்பினியானிடம். குரலில் வெற்றியைவிட நிம்மதி அதிகமிருந்தது.

கோர்பினியான் அவரைப் பார்க்கவில்லை. கிரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை இங்க வச்சது யாரு?" என்று கேட்டாள் வால்புர்கா.

ரைன்ஹில்ட் துணியை மடித்தாள், இன்னொரு மடிப்பு மடித்தாள். மேலும் மடிக்க அதில் இடமில்லை.

"மூணு ராஜா திருநாளுக்கு மறுநாள், ஜனவரி ஏழு" என்றாள். "சர்ச் பிள்ளைங்க வந்து வாசல் நிலைக்கு மேல சாக்கட்டியில வருஷம் எழுதிட்டுப் போனாங்க, அதுக்கு மறுநாள். அப்பா நிலவறையிலேருந்து எடுத்துச் சில்லுனு குடிச்சுட்டு ராத்திரியெல்லாம் இருமினாரு. மேல என் அறை வரைக்கும் கேட்டுது. கணப்போரமா வச்சா கொஞ்சம் குளிர் விடுமேன்னு நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

அவ்வளவு நேரம் கையிலேயே வைத்திருந்த பாட்டிலை வின்சென்ஸ் தானாகவே கீழே வைத்தான். அது எழுதி வைக்க வேண்டிய நிகழ்ச்சி.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் கோர்பினியான். "நீ எனக்காகச் செஞ்ச. வேற யாரு செய்வா? அழாதே ரைனி."

"நான் அழல."

அவள் அழவில்லைதான். நேரே மாடிப்படிக்குப் போனாள். வாசல் பக்கம் நகர்த்தியிருந்த பெட்டியைத் தூக்கினாள். கனமாக இருந்திருக்க வேண்டும், இடது தோள் சாய்ந்தது.

வால்புர்கா குறிப்பேட்டை மூடினாள். "நாளைக்குக் காலையில ஹூபெர்ட்டையும் கூட்டிகிட்டு போலீஸுக்கும் பஸ் கம்பெனிக்கும் போறேன். மிச்சமிருக்கற ஏழு பாட்டிலும் கூட வரும். வண்டியை மெதுவா ஓட்டு வின்சென்ஸ், வெடிச்சா நாம ரெண்டு பேரும் ஊதிக் காட்ட வேண்டியிருக்கும்."

"அப்ப வெளியில என்னைப் பத்தி..." என்று இழுத்தார் கெப்ஹார்ட்.

"உங்க பில்ஸ் இந்த மேசையைத் தாண்டாது" என்றாள் வால்புர்கா.

"உனக்கு ஸ்ட்ரா வேணுமா?" என்றார் கோர்பினியான். கெப்ஹார்ட் சிரித்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாகக் கோர்பினியானும் அதற்குச் சிரித்தார். மேயர் ஜன்னலிலிருந்து இறங்கி, காலியான இடுக்கை முகர்ந்து பார்த்து, பெஞ்சின் மேல் ஏறி, ஒன்றுமே நடக்காதது போலப் படுத்துக்கொண்டது.

வின்சென்ஸ் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு கிசுகிசுத்தான். "என் காலை ஏன் மிதிச்சீங்க?"

"ஊத்தினது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டாங்க. அதைக் கண்டுபிடிச்சாச்சு. நட."

ரைன்ஹில்ட் பெட்டியோடு மூன்று படி ஏறியிருந்தாள். நான்காவது படியில் நின்றாள். பெட்டியை மேலே வைக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. திரும்பி, கைப்பிடிக்கு மேலாகத் தன் அப்பாவைப் பார்த்தாள். மேசையில் சிரிப்பு நின்றது.

"அப்பா, முப்பது வருஷம் குடிச்ச நாக்கு ஆச்சே. முதல் மடக்குலயே உங்களுக்குத் தெரிஞ்சுதுதானே?"